ஐரிஸ் ஏன் பூக்கவில்லை, எந்த வகையை எங்கே வைப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வீடு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பின்புறத்தில் நன்றாக வெயில் படும் ஒரு நீளப் பாத்தியும், வேலியோரம் மழைத்தண்ணீர் தேங்கும் ஒரு தாழ்வான மூலையும் இருக்கின்றன. போன ஆகஸ்டில் தபாலில் வரவழைத்த ஆறு ஐரிஸ் கிழங்குகளை நட்டீர்கள். இந்த வசந்தத்தில் இரண்டு அழுகிப்போயின, மூன்று இலையோடு நின்றுவிட்டன, ஒன்றே ஒன்று பூத்தது. பக்கத்து வீட்டு அம்மையார் வேலிக்கு மேலாக நீட்டிய, புல் போன்ற மெல்லிய இலையுள்ள ஒரு கொத்தோ, நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமலே நீலப் பூக்களாகப் பூத்துத் தள்ளியது. ஏப்ரல் முதல் ஜூலை வரை விடாமல் பூக்க எந்தெந்த ஐரிஸ் வைக்கலாம் என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்: பார்த்துப் பார்த்து வளர்த்தது செத்தது, பாராமுகமாக விட்டது பூத்தது, ஏன்?

இரண்டும் ஐரிஸ் என்ற பெயரைப் பகிர்ந்துகொள்ளும் வேறு வேறு குணமுள்ள செடிகள் என்பதுதான் பதில். ஐரிஸ் பேரினத்தில் ஏறத்தாழ முந்நூறு இனங்கள் உண்டு. பாறைச் சரிவில் வெயிலில் காய்ந்து வளர்வதும் அதற்குள் அடக்கம், சதுப்பு நிலத்தில் காலை ஊன்றி நிற்பதும் அடக்கம். ஒன்றுக்குச் செய்யும் உபசாரம் இன்னொன்றுக்கு எமனாகும். எனவே "ஐரிஸை எப்படி வளர்ப்பது" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த ஐரிஸ் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும். நான் கோவையில் தோட்டக்கலை படித்தவன். டொராண்டோவுக்கு வடக்கே ஒரு நர்சரியில் பல ஆண்டுகளாகப் பல்லாண்டுச் செடிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஜூலை மாதம் வந்தால் ஐரிஸ் கிழங்குகளைத் தோண்டுவதும் பிரிப்பதும்தான் எங்கள் முழுநேர வேலை. கீழே எழுதுவது அந்தப் படிப்பிலிருந்தும் அந்த வேலையிலிருந்தும் வந்தது.

உங்கள் செடிகளை நான் நேரில் பார்க்கவில்லை, படமும் இல்லை. ஆனாலும் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி பாதி நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "மஞ்சள் நடுவதைப் போல நான்கு விரல் ஆழத்தில் நட்டு, மக்கிய உரம் போட்டு, மேலே மரத்துண்டு மூடாக்கும் போட்டேன், தினமும் தண்ணீர் விட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கிழங்கைக் கையில் வாங்கிப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கணுக்கணுவாக, பழுப்பாக, இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் மஞ்சள் மண்ணுக்குள் இருட்டில் பெருக்கிற கிழங்கு. அதற்கு மண் அணைக்க வேண்டும், ஈரம் வேண்டும், மூடாக்கு வேண்டும். நீங்கள் வரவழைத்தவை, தபாலில் இலையை விசிறி போல நறுக்கி உலர்ந்த நிலையில் வந்தன என்பதால், தாடி ஐரிஸ்களாகத்தான் இருக்க வேண்டும். தாடி ஐரிஸின் கிழங்குக்கு முதுகில் வெயில் பட வேண்டும். மஞ்சளுக்குச் செய்யும் ஒவ்வொன்றையும் இதற்குத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

தாடி ஐரிஸ் என்ற பெயர் பூவின் அமைப்பிலிருந்து வந்தது. மூன்று இதழ்கள் மேல்நோக்கி நிமிர்ந்து குவிந்திருக்கும், மூன்று இதழ்கள் நாக்கைப் போலக் கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் கம்பளிப்பூச்சியைப் போல ஒரு மயிர்க்கோடு ஓடும், அதுதான் தாடி. அந்தத் தாடிக்கு மேலே கூரை போல வளைந்து நிற்பதை எல்லோரும் இன்னோர் இதழ் என்றே நினைப்பார்கள். அது உண்மையில் சூலகத் தண்டின் கிளை. அதன் அடியில் மகரந்தத் தாள் ஒளிந்திருக்கிறது. ஜூன் காலையில் பாத்தியருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பெரிய வண்டுத்தேனீ தாடியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூரைக்கும் இதழுக்கும் இடையே உடம்பை நெருக்கி நுழையும். நுழையும்போது கூரையின் விளிம்பில் இருக்கும் மெல்லிய உதடு அதன் முதுகிலிருந்து பழைய மகரந்தத்தை வழித்துக்கொள்ளும், உள்ளே போனதும் தாள் புதிய மகரந்தத்தைப் பூசும். வெளியே வரும்போது முதுகு மஞ்சளாக இருக்கும்.

நடும் முறைக்கு வருகிறேன். குழியை அகலமாகத் தோண்டி, நடுவில் மண்ணை வரப்பு போல மேடாக்குங்கள். கிழங்கை அந்த வரப்பின் மேல் உட்கார வைத்து, வேர்களை இரு பக்கமும் கீழ்நோக்கி இறக்கிவிட்டு, வேர் மீது மட்டும் மண்ணைத் தள்ளி அழுத்துங்கள். முடிந்த பிறகு கிழங்கு எப்படித் தெரிய வேண்டும் என்றால், குளத்தில் கிடக்கும் எருமையின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிகிறதே, அப்படி. மணற்பாங்கான மண்ணாக இருந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மண் மேலே கிடந்தாலும் பாதகமில்லை. உங்கள் பகுதியில் பெரும்பாலும் பிசுபிசுப்பான களிமண்தான் இருக்கும், அங்கே முதுகு வெளியே தெரிவதே நல்லது. பாத்தியைச் சுற்றுத் தரையைவிட ஒரு சாண் உயர்த்திக்கொண்டால் தண்ணீர் தானாக வடியும். ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். கிழங்குக்குக் கிழங்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நட்ட அன்று ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள், வேர் பிடிக்கும் வரை மண் காய்ந்த பிறகு ஒரு முறை, அவ்வளவுதான். வேர் பிடித்த தாடி ஐரிஸுக்கு ஒன்டாரியோவின் சாதாரண மழையே பெரும்பாலும் போதும்.

மரத்துண்டு மூடாக்கை உடனே விலக்கிவிடுங்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே வந்த புதிதில் என் வீட்டுப் பாத்தியிலும் மூடாக்குப் போட்டேன். கோவையில் ஈரத்தைக் காப்பதுதான் பாடம், அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. மார்ச் மாதம் பனி உருகும்போது அந்த மரத்துண்டுகள் பஞ்சைப் போலத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டன. மே மாதம் தோண்டிப் பார்த்தபோது ஒரு முழு வரிசை கூழாகியிருந்தது. டொராண்டோக் குளிர் தாடி ஐரிஸைக் கொல்வதில்லை. குளிரைவிட அதற்குப் பயம், வசந்தத் தொடக்கத்தில் காலடியில் நிற்கும் ஈரம்தான். தாமதமாக நட்ட கிழங்குகளை, மண் உறைந்து இளகும்போது அது வெளியே தள்ளிவிடுவது உண்டு. அப்போது அவற்றைக் கையால் திரும்ப அழுத்தினால் வேர் அறும். பக்கத்தில் மணலைக் குவித்து அணைத்துவிட்டால் போதும்.

இலையோடு நின்ற மூன்றைப் பற்றி நீங்கள் அவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஆகஸ்டில் நட்ட கிழங்கு அடுத்த ஜூனிலேயே பூப்பது ஓர் அதிர்ஷ்டம், பல கிழங்குகள் இரண்டாவது வசந்தத்தில்தான் பூக்கும். ஆனால் மற்ற காரணங்களையும் பாருங்கள். ஆழமாகப் புதைந்திருப்பது ஒன்று. நிழல் இன்னொன்று. மூன்றாவது, தழைச்சத்து மிகுந்த உரம். புல்வெளிக்குப் போடும் உரம் பாத்தியில் சிந்தினாலே இலை கொழுத்து, பூ நின்று, அழுகலும் எளிதாக வரும். உரம் போட வேண்டுமென்றால் தழைச்சத்து குறைந்து மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கூடிய உரத்தை, பனி விலகியதும் ஒரு கைப்பிடி, பூ முடிந்ததும் ஒரு கைப்பிடி, கிழங்கின் மேல் படாமல் சுற்றித் தூவுங்கள். எலும்புத்தூள் போட்டே தீர வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை, அணிலும் நாயும் வந்து தோண்டுவதுதான் மிச்சம். மண் பரிசோதனை செய்யாமல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பூத்த அந்த ஒரு கிழங்கைப் பற்றி ஒரு செய்தி உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டும். குலை தள்ளிய வாழை மறுபடி குலை தள்ளாது, பக்கக்கன்றுதான் அடுத்த குலையைத் தரும். தாடி ஐரிஸும் அப்படியே. ஒரு முறை பூத்தண்டு விட்ட கிழங்கு மறுபடி பூக்காது. அதன் இரு பக்கமும் முளைக்கும் புதுக் கிழங்குகள்தான் அடுத்தடுத்த ஆண்டுகளில் பூக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் தாய்க்கிழங்குகளும் கன்றுகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொள்ளும், பூ குறையும். அப்போது, பூ முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிக்குள், முழுக் கொத்தையும் தோண்டியெடுத்து, வயதான தாய்க்கிழங்குகளை வெட்டி எறிந்துவிட்டு, ஓரத்துக் கன்றுகளை மட்டும் நட வேண்டும். இலையை ஒரு சாண் உயரத்துக்கு விசிறியாக நறுக்குவது இந்த நேரத்தில் மட்டும்தான். பூ முடிந்ததும் அழகுக்காக எல்லா இலையையும் நறுக்கிவிடுகிற பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. அது தவறு, அடுத்த ஆண்டுப் பூவுக்கான சேமிப்பை அந்த இலைகள்தான் சமைக்கின்றன. வாடிய பூத்தண்டை மட்டும் அடியோடு ஒடித்தெடுங்கள்.

அழுகிய இரண்டுக்கு வருகிறேன். கிழங்கை அழுத்தினால் பழுத்த வாழைப்பழம் போல உள்ளே அமுங்கி, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் வந்திருந்தால், அது பாக்டீரியாவால் வரும் மென்னழுகல். முட்டைக்கோஸையும் காரட்டையும் அழுகவைக்கும் அதே பாக்டீரியாதான் காரணம். நாற்றம் இல்லாமல் உலர்ந்து சுருங்கியிருந்தால் அது வேறு, பூஞ்சணமாக இருக்கலாம் அல்லது குளிர்காலத்தில் வேர் அறுந்ததாக இருக்கலாம். எது என்று உங்கள் கடிதத்தை வைத்து என்னால் தீர்மானிக்க முடியாது. மென்னழுகல் என்றால் செய்ய வேண்டியது இது. கிழங்கைத் தோண்டி எடுங்கள். ஒரு பழைய தேக்கரண்டியால், தேங்காய்ப் பருப்பைச் சுரண்டுவது போல, கூழான பகுதியைச் சுரண்டிக்கொண்டே வாருங்கள். கரண்டி கட்டியான வெள்ளைத் தசையில் தட்டி 'கறுக்' என்று நிற்கும். அதற்கு மேலும் அரை விரற்கடை சுரண்டுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்தக் காயத்தைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டுவைத்து, காயம் தோல் கட்டிய பிறகு வேறு இடத்தில் நடுங்கள். பிளீச் கழுவல் எவ்வளவு உதவுகிறது என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை, கத்தியையும் கரண்டியையும் கழுவ அது கட்டாயம் வேண்டும். கிழங்கைக் காப்பாற்றுவது முக்கியமாகச் சுரண்டலும் வெயிலும்தான் என்பது என் அனுபவம்.

ஆனால் அந்தப் பாக்டீரியா நல்ல கிழங்குக்குள் தானாக நுழைவது அரிது, அதற்கு ஒரு காயம் வேண்டும். கிழக்கு வட அமெரிக்காவில் அந்தக் காயத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஐரிஸ் துளைப்பான் என்ற புழு. இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை முடிந்தது. மங்கலான பழுப்பு அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் பழைய ஐரிஸ் இலைகளிலும் சருகிலும் முட்டையிடும். ஏப்ரல் மே மாதங்களில் முட்டை பொரிந்து, நூல் போன்ற புழு இளம் இலையைக் குத்தி உள்ளே நுழையும். இலையின் இரு தகடுகளுக்கு நடுவே கீழ்நோக்கித் தின்றுகொண்டே வந்து, ஜூலையில் கிழங்கை அடையும். அதற்குள் விரல் நீளத்துக்கு இளஞ்சிவப்பாகக் கொழுத்திருக்கும், கிழங்கைக் குடைந்து கூடாக்கிவிடும், பின்னாலேயே அழுகல் வரும். மே கடைசியில் உங்கள் செடியின் முன் குந்தி உட்கார்ந்து இலை விளிம்புகளைப் பாருங்கள். ரம்பத்தால் அறுத்தது போன்ற பல்வரிசை தெரிந்தால், அல்லது இலை நடுவில் தண்ணீர் ஊறியது போன்ற கோடு கீழே இறங்கினால், புழு உள்ளே இருக்கிறது. அந்தக் கோட்டின் மேலிருந்து கீழாகக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து அழுத்தி வழித்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சின்னதாக ஒரு வெடிப்பு விரலுக்குத் தெரியும். புழு நசுங்கியது என்று அர்த்தம். நூறு செடி இருக்கும் எங்கள் பாத்தியில்கூட இதைக் கையாலேயே செய்கிறோம்.

அமெரிக்கத் தோட்டக்காரர்கள் இதற்குச் சில ஊடுருவும் பூச்சிமருந்துகளைப் பரிந்துரைப்பதைப் படித்திருப்பீர்கள். ஒன்டாரியோவில் அழகுத் தோட்டங்களுக்கு அத்தகைய மருந்துகளைத் தெளிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன், உங்கள் தாடி ஐரிஸுக்குள் நுழையும் அந்த வண்டுத்தேனீயை நினைத்துப் பாருங்கள். இங்கே வாங்கக்கூடியது நன்மை செய்யும் நூற்புழு. வசந்தத்தில் மண் கதகதப்பானதும் தண்ணீரில் கலந்து ஊற்றினால் அது துளைப்பானைத் தேடிக் கொல்லும். எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, நவம்பரில் கடும் உறைபனி விழுந்து இலைகள் சாய்ந்த பிறகு அந்த இலைகளை அடியோடு வாரி அப்புறப்படுத்துவது. முட்டைகள் அவற்றோடு போய்விடும். கம்போஸ்ட் குவியலில் போடாதீர்கள்.

இனி, பக்கத்து வீட்டு அம்மையார் தந்த அந்த நீலக் கொத்து. புல் போன்ற மெல்லிய இலை, தாடியில்லாத பூ, ஜூன் மாதம், கவனிப்பே இல்லாமல் வளர்ந்தது என்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது சைபீரிய ஐரிஸ் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். என்னிடம் யாராவது ஒரே ஓர் ஐரிஸ்தான் வைக்க இடம் இருக்கிறது என்று வந்தால் நான் கொடுப்பது இதைத்தான். நெல்லைப் போலத் தூர் கட்டி வளரும். களிமண் பிடிக்கும், ஈரம் பிடிக்கும், துளைப்பான் தாடி ஐரிஸை நாடும் அளவுக்கு இதை நாடுவதில்லை. பூ இல்லாத நாட்களிலும் இலை அழகாக நிற்கும். இதை மட்டும் மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நட வேண்டும், வேரை ஒரு நாளும் காயவிடக் கூடாது, முதல் ஆண்டு தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், மூடாக்கும் போடலாம். அதாவது நீங்கள் மற்ற ஆறுக்கும் செய்த உபசாரம் எல்லாம் இதற்குச் செய்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். எட்டுப் பத்து ஆண்டு பிரிக்காமல் விடலாம். நடுவில் வழுக்கை விழுந்து வளையம் போல ஆகும்போது பிரித்தால் போதும். பிரிப்பது கொஞ்சம் முரட்டு வேலை, தூர் அவ்வளவு இறுக்கமாக இருக்கும், பழைய ரொட்டிக் கத்தியோ ரம்பமோ வேண்டும்.

இந்தச் சைபீரிய ஐரிஸில் கனடாவின் பங்கு பெரியது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. கடைகளில் இன்றும் அதிகம் விற்கும் கரு ஊதா நிற 'சீசர்ஸ் பிரதர்' என்ற ரகம், மாண்ட்ரியல் நகரத்தைச் சேர்ந்த கிளீவ்லண்ட் மார்கன் உருவாக்கி 1932இல் வெளியிட்டது. சிறந்த சைபீரிய ஐரிஸுக்கு அமெரிக்க ஐரிஸ் சங்கம் தரும் பதக்கத்தின் பெயரில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. அதே காலத்தில் ஒட்டாவாவின் மத்திய சோதனைப் பண்ணையில் இசபெல்லா பிரெஸ்டன் என்ற பெண்மணி லைலாக், லில்லி, ரோஜாவோடு சைபீரிய ஐரிஸ்களையும் கலப்பினம் செய்து, அந்த ஐரிஸ்களுக்குக் கனடாவின் ஆறுகளின் பெயர்களை வைத்தார். இந்தக் குளிரிலேயே பிறந்து தேறிய ரகங்கள் என்பதால்தான் அவை நம் பாத்தியில் அடம்பிடிப்பதில்லை.

வேலியோரம் தண்ணீர் தேங்கும் மூலையைக் குறையாக எழுதியிருந்தீர்கள். ஐரிஸ் வளர்ப்பவனுக்கு அது கிடைத்தற்கரிய இடம். அங்கே முதலில் வைக்க வேண்டியது வெர்சிகலர் என்ற நீலக் கொடி ஐரிஸ் (படரும் கொடியல்ல, பறக்கும் கொடி). ஒன்டாரியோவின் ஓடைக்கரைகளிலும் சதுப்புகளிலும் தானாக வளர்வது, கியூபெக் மாகாணம் 1999இல் தன் அடையாள மலராக ஏற்றது இதைத்தான். மாகாண மலராக இருந்த லில்லி அந்த மண்ணைச் சேர்ந்ததல்ல என்பதால் இதை வைத்தார்கள். நட்டுவிட்டு மறந்துவிடலாம். அதன் பக்கத்தில், சற்று மேடான விளிம்பில், ஜப்பானிய ஐரிஸ் வையுங்கள். அது தட்டு அளவுக்கு விரிந்த பூவோடு ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் பூக்கும், மற்ற ஐரிஸ்கள் எல்லாம் முடிந்த பிறகு. இது கேட்கும் விலையும் அதிகம்: புளிப்பு மண் வேண்டும், சுண்ணாம்பு அறவே ஆகாது, கோடை முழுக்க ஈரம் வேண்டும், உரமும் தாராளமாக வேண்டும், ஆனால் குளிர்காலத்தில் தூர் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக் கூடாது. புதிய வேர்கள் பழைய வேருக்கு மேலே வளர்ந்துகொண்டே வருவதால் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை இறக்கி நட வேண்டும். தென் ஒன்டாரியோவில் சுண்ணாம்புப் பாறை மேல் அமைந்த மண் பல இடங்களில் உண்டு, அங்கே இது மஞ்சளடித்து இளைக்கும். உங்கள் மண்ணின் காடித்தன்மையை ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அந்த மூலைக்கு யாராவது மஞ்சள் பூப் பூக்கும் நீர் ஐரிஸைத் தந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த செடி அது. விதை தண்ணீரில் மிதந்து போய், ஓடைக்கரைகளில் பாயைப் போலப் படர்ந்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளிவிடும். ஒன்டாரியோவில் ஆக்கிரமிப்புச் செடியாகவே கருதப்படுகிறது. அதன் அறிவியல் பெயர் சூடகோரஸ். பொய் அகோரஸ் என்று பொருள். அகோரஸ் வேறு எதுவுமில்லை, நம் வீட்டில் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்புதான். இலையைப் பார்த்தால் வசம்பு என்றே தோன்றும் என்பதால் அந்தப் பெயர். பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் நிஜமான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ஐரிஸ் வகைகளின் எல்லாப் பாகங்களும், குறிப்பாகக் கிழங்கு, வயிற்றைக் குமட்டி வாந்தி பேதியை உண்டாக்கும். நாய் பூனைக்கும் ஆகாது. சிலருக்குச் சாறு பட்டாலே தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். பிரித்த கிழங்குகளைச் சமையலறை மேடையிலோ, இஞ்சி, மஞ்சள், வசம்பு வைக்கும் கூடைக்குப் பக்கத்திலோ ஒரு நாளும் வைக்காதீர்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கும் வீடு என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஏப்ரல் மாதத்துக்கு உங்களுக்கு வேண்டியது கிழங்கே இல்லை, குமிழ். ரெட்டிகுலேட்டா என்ற குட்டி ஐரிஸ், சின்ன வெங்காயத்தைவிடச் சிறிய குமிழாக செப்டம்பர் அக்டோபரில் கடைக்கு வரும். எட்டுப் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், கோடையில் காய்ந்து கிடக்கும் இடமாகப் பார்த்து நட்டால், பனி விலகும்போதே விரல் உயரத்தில் நீலமாக எட்டிப் பார்க்கும். முதல் ஆண்டு அற்புதமாகப் பூக்கும். பிறகு பல தோட்டங்களில் குமிழ் சின்னச் சின்னதாகச் சிதறி, இலை மட்டும் வரும். அதைத் தடுக்க ஆழமாக நடலாம் என்பார்கள், எனக்கு அதில் ஒரே மாதிரியான பலன் கிடைக்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக இருபது குமிழ் வாங்கிப் போடுவேன், விலை அதிகமில்லை. பூக்கடையில் கொத்தாக விற்கும் டச்சு ஐரிஸும் குமிழ்தான், ஆனால் டொராண்டோ அதன் குளிர்த் தாங்கும் எல்லையின் விளிம்பில் இருக்கிறது. சில குளிர்காலம் தப்பும், சில காலம் தப்பாது.

மேயில் பூ வேண்டுமென்றால் தாடி ஐரிஸிலேயே குள்ள வகைகள் இருக்கின்றன. உயரத்தை வைத்துத் தாடி ஐரிஸ்களை ஆறு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். பொதுவாகக் குள்ளம் முந்திப் பூக்கும், நெட்டை பிந்திப் பூக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டாம். 20 சென்டிமீட்டருக்குக் கீழே நிற்கும் மிகக் குள்ளம் மே தொடக்கத்தில், 20 முதல் 40 சென்டிமீட்டர் வரையிலானது மே நடுவில், இடைப்பட்டது அதற்கடுத்து, 70 சென்டிமீட்டரைத் தாண்டும் நெட்டை மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை. நெட்டை நிற்கும்போதே சைபீரிய ஐரிஸும் நீலக் கொடியும் சேர்ந்துகொள்ளும், அவை ஓயும்போது ஜப்பானியது தொடங்கும். குளிர் வசந்தமாக இருந்தால் எல்லாம் பத்து நாள் தள்ளிப்போகும், ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது. இலையுதிர் காலத்திலும் மறுபடி பூக்கும் என்று சொல்லி விற்கும் தாடி ரகங்களும் உண்டு. வெள்ளை நிற 'இம்மார்ட்டாலிட்டி' அவற்றில் நம்பகமானது. இருந்தாலும் நம் ஊரில் செப்டம்பர் கதகதப்பாக இருந்தால் பூக்கும், உறைபனி முந்திக்கொண்டால் மொட்டோடு கருகும். இரண்டாம் பூவை எதிர்பார்த்து மட்டும் அதை வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் ஜூன் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்லிங்டனில் உள்ள ராயல் தாவரவியல் பூங்காவின் லேக்கிங் தோட்டத்துக்குப் போய்வாருங்கள். பெயர்ப்பலகையோடு வரிசை வரிசையாக ஐரிஸ் பூத்து நிற்கும். பட்டியலில் உள்ள படத்தில் நீலமாகத் தெரிவது நேரில் ஊதாவாக இருக்கும், பூவைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

மதுரையில் அம்மா வீட்டுக்கு இரண்டு கிழங்கு கொண்டுபோகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தாடி ஐரிஸும் சைபீரிய ஐரிஸும் ஒழுங்காகப் பூக்கக் குளிர்கால உறக்கம் வேண்டும், மதுரை வெயிலில் அது கிடைக்காது. செடிகளை அனுமதியில்லாமல் விமானத்தில் கொண்டுபோவதும் சட்டப்படி கூடாது. அம்மாவுக்கு ஐரிஸ் குடும்பத்தில் ஏதாவது வேண்டுமென்றால், வெப்பத்தைத் தாங்கும் பெலம்காண்டாவை இந்தியாவிலேயே தேடச் சொல்லுங்கள். ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளிகள், காய் வெடித்தால் உள்ளே கருமணிக் கொத்து. முன்பு தனிப் பேரினமாக இருந்தது, மரபணு ஆய்வுக்குப் பிறகு 2005இல் ஐரிஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

இப்போது ஜூலை நடு என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. மூடாக்கை இன்றே விலக்குங்கள். ஆழத்தில் இருக்கும் நான்கு தாடி ஐரிஸ்களையும் இந்த மாதக் கடைசியில் தோண்டியெடுத்து, துளை இருக்கிறதா, மெத்தென்று அமுங்குகிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, உயர்த்திய பாத்தியில் முதுகு தெரிய நட்டுவிடுங்கள். செப்டம்பர் நடுவுக்குள் வேர் பிடித்துவிடும். அம்மையார் தந்த கொத்தைத் தொட வேண்டாம், இருக்கும் இடம் அதற்குப் பிடித்திருக்கிறது. தோண்டுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள்: நிறம் தெரிந்த செடியின் பெயரை அழியாத மையால் அதன் இலையிலேயே எழுதிவிடுங்கள். நர்சரியில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். மண்ணிலிருந்து எடுத்துக் குவித்த பிறகு எல்லாக் கிழங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தோண்டிய கிழங்குகளைக் கழுவி, அடிப்பக்கமும் தெரியும்படி படமெடுத்துப் போட்டால், எது பிழைக்கும் எது பிழைக்காது என்று இப்போது சொன்னதைவிடத் துல்லியமாகச் சொல்கிறேன்.